திருவாதிரையைச் சுற்றிய தூசு

வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்திருந்தால் வம்பே இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு, தங்கையைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அவளுக்கும் பையனுக்கும் முன்பே பிடித்துப்போய், பெரியவர்கள் சம்மதத்துக்காகக் காத்திருந்த இடம் அது. பேச்சுவாக்கில் அம்மா, "சின்னவ திருவாதிரை. பெரியவ காலேஜுல அந்த நட்சத்திரத்தைத்தான் ஆராய்ச்சி பண்ணுதா" என்று பீற்றிக்கொண்டாள்.

"அதுல என்ன தாயி தெரியுது?" என்று கேட்டார் பையனின் அம்மா.

கேட்டால் நான் விடுவேனா? நட்சத்திர வெளிச்சம் எல்லாத் திசையிலும் சமமாக அதிரும். தூசில் பட்டுச் சிதறினால் ஒரு திசையில் கூடுதலாக அதிரும். மொட்டை மாடித் தொலைநோக்கியில் ஒரு வடிகட்டியைத் திருப்பித் திருப்பி அந்த வித்தியாசத்தை அளக்கிறேன். தூசு சுற்றிலும் சமமாக இருந்தால் ஒன்றும் தெரியாது, ஒரு பக்கம் கூடினால் காட்டிக்கொடுத்துவிடும். "இப்ப ஒரு பக்கமா தூசு கூடியிருக்கு, அதான் மங்கிக் கெடக்கு" என்று முடித்தேன்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மங்கிக் கெடக்கையில எப்படிப் பூ வைக்கது? தெளியட்டும், பொறவு பாப்போம்."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கேயோ வானத்தில் கிடக்கும் தூசுக்கும் இவள் கல்யாணத்துக்கும் என்ன இருக்கிறது என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? தங்கை என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்ததும் என் பின்னாலேயே மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். "ஏட்டி, இன்னைக்காச்சும் தூசு கொறஞ்சுச்சா?" என் ஆய்வு நெறியாளர்கூட இப்படி நச்சரித்ததில்லை.

ஒருவழியாகத் தூசு கலைந்து வெளிச்சம் கூடியது. எல்லாம் அர்ச்சனையால் என்றாள் அம்மா.

பூ வைக்க வந்த அன்று, மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "இனி எப்ப மங்கினாலும் ஒரு போன் போட்டுரு தாயி. மருமக விசயம், நாங்களும் தெரிஞ்சுக்கிடணும்ல."

மங்குவதும் தெளிவதும்தான் அந்த நட்சத்திரத்தின் பிழைப்பே. அது மங்காவிட்டால் எனக்கு ஆராய்ச்சியே கிடையாது. தங்கை குனிந்த தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இனி மங்கவே மங்காது அத்தை" என்றேன்.

அவர் பூவை வைத்தார்.