ஆவாரம்பூச் சேலை

அக்கா கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இனி வெள்ளைச் சேலைதான் என்றார் அப்பா. மாதா கோயில் சாமியார்கூட அப்படி எதுவும் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்த மனுஷன் எங்கள் அப்பா. இரண்டு வருடம் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கலன்று காலை என்னிடம் சொன்னாள்: "இந்த வெள்ளை எனக்கு வேணாம்டி. நான் கலர் கட்டணும்."

கடத்தூர்க் கடையில் சாயப்பொட்டலம் கிடைக்கும். வாங்கினால் யாருக்கு என்று கேட்பார்கள். நாங்கள் பஸ் ஏறுவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிடும். ஆவாரம்பூவில் மஞ்சள் சாயம் இறங்கும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ரோட்டோரம் முழுக்க ஆவாரஞ்செடிதானே என்று கூடையோடு கிளம்பினோம். போனால் ஒரு செடியிலும் பூ இல்லை. முந்தின நாள் போகி. காப்புக் கட்ட ஊரே கொத்துக்கொத்தாக ஒடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டுக்கு வீடு கூரையில் வேப்பிலையோடு நாங்கள் தேடிய பூ செருகியிருந்தது. வேதக்காரக் குடும்பமான எங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை. வந்த எரிச்சலில், யார் வீட்டுக் கூரையிலிருந்தாவது உருவிவிடலாம் என்றேன். அக்கா தலையில் குட்டினாள். கரட்டுக் குன்றுக்குப் பின்னால் போய்த்தான் பறித்தோம்.

மறுநாள் அப்பா வயலுக்குப் போன நேரத்தில் பூவைக் கொதிக்க வைத்து வடிகட்டினோம். சாயம் நிற்கப் படிகாரம் வேண்டும். வீட்டில் இருந்தது அப்பா சவரத்துக்கு வைத்திருந்த கட்டிதான். அதை இடித்துப் போட்டு அக்காவின் வெள்ளைச் சேலையை முக்கினோம். அடுத்த நாள் காலை தாடையில் ரத்தத்தோடு அப்பா படிகாரத்தைத் தேடினார். அம்மாவுக்கும் விஷயம் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அக்கா அந்தச் சேலையைக் கட்டினாள். சாயம் சீராக ஏறாமல் முந்தானையில் திட்டுத்திட்டாக இருந்தது. இருந்தாலும் மஞ்சள்தான். அப்பா ஒருமுறை பார்த்தார். அப்படியே முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. பூசை முழுக்கப் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்றபோது அத்தை, அப்பாவின் அக்கா, உரக்கக் கேட்டாள்: "ஏன்டா தம்பி, தாலியறுத்தவளுக்கு மஞ்சச்சீல கேக்குதா? யாரக் கேட்டுக் கட்டுனா?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாந்தாங்க்கா கட்டச் சொன்னேன். வூட்ல அந்த வெள்ளையப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆவல."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புருஷனைப் புதைத்த அன்றுகூட அழாத அக்கா, கோயில் வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.