சிவப்புத் துணி கட்டிய வயல்

சாரெமா தீவில் எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் உருளைக்கிழங்கு பாதி, பழைய போரின் குண்டு பாதி. பக்கத்து வயல்காரன் ரைவோவுக்கு ராணுவத்தில் அந்தக் குண்டுகளை அகற்றுவதுதான் வேலை. எஸ்டோனியா சின்ன நாடு. இந்த வேலை தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை, மாலிக்கு ஒரு முறை என்று அவனையேதான் அனுப்பினார்கள். கடைசியாகத் திரும்பியபோது வலது காது மந்தமாகியிருந்தது. இனி எங்கும் போவதில்லை என்று மனைவி மெர்லேயிடம் சத்தியம் செய்தான்.

அந்த வசந்தத்தில் அவள் உழுதபோது கலப்பையில் ஒரு குண்டு தட்டியது. சுற்றிலும் நாலு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். ரைவோ வீட்டில்தான் இருந்தான்; ஆனால் விடுப்பில் இருப்பவன் குண்டைத் தொடக்கூடாது, தனியாளாகத் தொடவே கூடாது என்பது விதி. அலுவலகத்துக்குச் சொன்னான். பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், நாளாகும் என்றார்கள்.

மறுநாள் கேப்டனே போன் செய்தார். குண்டைப் பற்றி அல்ல. காது மந்தமானவன் ஸ்பீக்கரில் போட்டதால் நானும் மெர்லேயும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ரைவோ, மறுபடி மாலிப்பா. ஆறு மாசம். உன்ன விட்டா ஆளில்ல."

"என் வயல்லயே ஒண்ணு கெடக்கு சார்."

"தெரியும். நாம இப்ப போகலன்னா, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?"

"வருவாங்க, வருவாங்க. நம்மளப் பொதைக்க மண்வெட்டியும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள் மெர்லே. அதற்குமேல் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

ரைவோ போய்விட்டான். எனக்கு அவன்மேல் கோபம், கேப்டன்மேல் அதைவிட. ஆனால் கிழக்கே எல்லைக்கு அப்பால் இருக்கிற பெரிய நாட்டை நினைத்தால், கேப்டன் சொன்னதைத் தப்பென்று தள்ளவும் முடியவில்லை.

அவன் போன பத்தாம் நாள் ஒரு ராணுவ வண்டி வந்தது. கூட்டுப் பயிற்சிக்காக எங்கள் நாட்டுக்கு வந்திருந்த டென்மார்க்காரர்கள் இரண்டு பேர். குண்டை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். மெர்லேயின் ஜன்னல் ஒன்று போனது.

"கேப்டன் சொன்னது நெசந்தான். வந்துட்டாங்க" என்றாள் என்னிடம். இருவரையும் உட்கார வைத்துக் கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் பரிமாறினாள். மூத்தவனிடம், "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டி மட்டுந்தான். அடுத்த வாரம் பிரசவம்."

"போயிடுவியா?"

"எங்க? இன்னும் ரெண்டு மாசம் இங்கதான். எனக்குப் பதிலா அனுப்ப எங்க ஊர்லயும் ஆளில்ல."

ரைவோ கிளம்பிய அன்று அழாதவள், மீன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.