வி.ஓ.சி. காசு

ரோச் நாற்பத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கொடுத்தவர் துறைமுகச் சாலையில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ஜீவமணி அண்ணாச்சி. வள்ளத்துக்கு என்ஜின் வாங்கிய கடன். சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் என்ஜினைக் கழற்றிக்கொள்வதாகப் பேச்சு.

ரோச் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விரட்டிவிட்டவர். பள்ளிக்கூடம்தான் அவரை விரட்டியது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குச் சங்கு குளிக்கப் போனவர், திரேஸ்புரத்தில் சொந்த வள்ளம் போட்டார். "எங்கப்பன் வச்சிட்டுப் போனது ரெண்டு நுரையீரல்தான். மத்ததெல்லாம் நான் முங்கி எடுத்தது" என்பார். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

அந்த வாரம் அவர் முங்கி எடுத்தது சங்கு இல்லை, கனத்த காசு ஒன்று. ஒரு பக்கம் வாள் ஓங்கிய குதிரைக்காரன். மறுபக்கம் முழுக்கக் கடல் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. அடியில் மட்டும் மூன்று இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது.

நேரே ஜீவமணி கடைக்குப் போய் மேசையில் வைத்தார்.

"அந்தக் காலத்துச் சரக்கு அண்ணாச்சி. லட்சத்துக்குப் போவும். இத அடமானமா வச்சிக்கிட்டுத் தவணை குடும்."

ஜீவமணி கண்ணாடியை மாட்டி எழுத்துக் கூட்டினார். "வி... ஓ... சி." பிறகு கடை அதிரச் சிரித்தார். "வே ரோச்சு! இது நம்ம வ.உ.சி. வே! துறைமுகத்துக்கு அவரு பேரு, காலேஜுக்கு அவரு பேரு. ஏதோ விழாவுல குடுத்த மெடலு கடல்ல விழுந்திருக்கு. இதுக்கு லட்சமா?"

"அப்ப குதிரையில வாரது யாரு?"

"அவருதான். கப்பலு ஓட்டினவருக்குக் குதிரை ஓட்டத் தெரியாதாக்கும்?"

வாசலில் நின்ற லாரிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ரோச்சுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் சங்கு சுரண்டும் கத்தியை எடுத்தார். சுண்ணாம்பைச் செதுக்கித் தள்ளி, இரண்டு பக்கமும் விளிம்பும் மின்ன உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

"தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுத் தேய்ச்சா என்ன?" என்றாள் மனைவி இசபெல்லா.

"ஏளா, கடல்ல எடுத்தவனுக்கே சொல்லிக் குடுக்கியா?"

சுண்ணாம்புக்கு அடியிலிருந்து 1741 என்று வருஷம் வெளிப்பட்டது. வ.உ.சி. பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது என்று இசபெல்லா கணக்குச் சொன்னதுதான் தாமதம், ரோச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் சக்ரபாணி பழங்காசு சேர்க்கிறவர். அவர் சொன்னால் வியாபாரிகள் தட்டமாட்டார்கள்.

சக்ரபாணி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "எழுத்து டச்சுக்காரா கம்பெனியோடது. வ.உ.சி. இல்லை."

"நான் அப்பவே சொன்னேன் சார்!"

அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு தேய்ச்சா?"

"நான்தான். எப்படிப் பளபளங்கு பாத்தீங்களா?"

"போலிக் காசை வார்த்து எடுக்கறவாளும் பிசிறு தெரியாம இருக்க உப்புத்தாள்தான் போடுவா. இதுலயும் அதே கீறல். விளிம்புல வார்ப்புக் கோடு இருந்ததா, இல்லையா, இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பழைய காசுங்கறதுக்குப் படிஞ்சிருந்த சுண்ணாம்பு ஒண்ணுதான் சாட்சி. அதையும் செதுக்கிட்டேளே!"

"மாதா சத்தியமா, கடல்ல நான் எடுத்தது சார்."

"நான் நம்பறேன். வாங்கறவன் உங்க சத்தியத்தையா விலைக்கு வாங்குவான்?"

எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் பதறாத மனிதருக்கு அந்தச் சின்னக் கூடத்தில் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை காலை ஜீவமணியின் ஆட்கள் என்ஜினைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன ரோச், காசை மேசையில் விட்டெறிந்தார்.

"இதையும் எடுத்துக்கிடும்."

ஜீவமணி அதை உரசிப் பார்த்து, எடை மேடையில் வைத்தார். "வெள்ளி சுத்தம் வே. முப்பத்திரண்டு கிராமு, வெள்ளி விலைக்கு மூவாயிரம் போடுதேன். என்ஜினுக்கு நாப்பத்தேழாயிரம். கடன் போக உமக்கு ஐயாயிரம் வருது. அடுத்தவன் காசு எனக்கு வேண்டாம்."

"அண்ணாச்சி, அது நெசக் காசு."

"இருக்கட்டும் வே. நான் இல்லைன்னா சொல்லுதேன்? கைய நீட்டும்."

ரோச் நீட்டினார். ஜீவமணி விரலில் எச்சில் தொட்டு, ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அந்த விரிந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.