பாவம் பார்த்துக் கொடுத்த அவுட்

வெஸ் டூபிக்கை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். அயோவாவின் சின்ன பேஸ்பால் லீக்குகளில் பதினாறு வருடம் பந்து வீசியவன். கேட்சராக அவன் பந்துகளைப் பிடித்தே என் கட்டைவிரல் கோணிப்போனது. நன்றி என்று ஒரு வார்த்தை வராது. நெருங்கி நிற்கும் பேட்டரின் விலாவுக்கே எறிவான், விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பான்.

பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பினான். அவனை வைத வாய்களிலெல்லாம் திடீரென்று தேன் ஒழுகிற்று. அணி முதலாளி அவன் படம் போட்ட பனியன் விற்றார். மேனேஜர் ரஸ்க் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்: "ஒரு இன்னிங்ஸ் தர்றேன், மூணு பேர அவுட்டாக்கணும். முடியலைன்னா இன்னைக்கே மூட்டையக் கட்டு."

ஞாயிறு மதியம் ஆட்டம். முதல் பேட்டர் மூன்று முறை காற்றில் சுழற்றிவிட்டு அவுட்டானான். இரண்டாமவனும் அப்படியே. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, சிலர் அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்து என் கையுறைக்குள் வந்த பிறகுதான் மட்டையே அசைந்தது.

மூன்றாவதாக வந்தவன் ரூபன் ஓர்டாஸ். முன்பு வெஸ்ஸின் பந்தில் விலா எலும்பு முறிந்தவன். என் பக்கம் குனிந்து, "கவலப்படாத, நாங்க பேசி வச்சுட்டோம். பாவம், பொழச்சுப் போகட்டும்" என்றான்.

நேரே வெஸ்ஸிடம் போனேன். "வேணும்னே அவுட்டாகுறாங்கடா. உனக்குப் பிச்சை போடுறாங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? போய் உன் எடத்துல உக்காரு."

அடுத்த பந்து ஓர்டாஸின் அதே விலாவில் இறங்கியது.

இரண்டு அணியும் மைதானத்துக்குள் பாய்ந்தன. "நீ செத்தே தொலஞ்சிருக்கலாம்டா" என்று கத்தினான் ஓர்டாஸ். பனியன் வாங்கியவர்களே வெஸ்மீது பியர் கோப்பைகளை எறிந்தார்கள். அம்பயர் அவனை எச்சரித்து, பந்து பட்டவனுக்குரிய சலுகையாக ஓர்டாஸை முதல் பேஸுக்கு அனுப்பினார்.

அடுத்து வந்தவன் கொலைவெறியோடு சுழற்றினான். முதல் பந்து கோட்டுக்கு வெளியே வேலியில் போய் மோதியது; அதுவும் தவறவிட்ட கணக்குதான். வெஸ்ஸின் பழைய வேகம் போய்விட்டிருந்தது. விரல் சைகையால் மெதுவான வளைபந்தைக் கேட்டேன்; எப்போதும் முறைப்பவன் இம்முறை கேட்டபடியே வீசினான். மறுபடியும் அதையே வீசினான். இரண்டையும் முழு பலத்தோடு அடிக்கப்போய்த் தவறவிட்டு, மூன்றாவது அவுட்டாகி அந்த ஆள் மண்ணில் மண்டியிட்டான். அது பிச்சையில்லை.

பெஞ்சுக்குத் திரும்பியதும் ரஸ்க் வெஸ்ஸிடம் சொன்னார்: "முதலாளி உன்ன வெரட்டச் சொல்றாரு. செவ்வாய்க்கிழம நீதான் வீசற."

நாம் ஒருவனைப் பந்தால் அடித்தால் எதிரணியில் பந்து வீசுபவன் நம்மில் ஒருவனை அடிப்பான். எழுதாத சட்டம் அது. எங்கள் முறையில் முதலில் மட்டை பிடித்தவன் நான். பந்து முதுகில் விழுந்ததில் கண்ணில் பூச்சி பறந்தது.

நான் பெஞ்சுக்குத் திரும்பியதும் வெஸ் சிரித்தான். "ரொம்ப வலிக்குதாடா?"

அவன் வம்சத்தையே இழுத்து, வாய் ஓயும்வரை வைதேன். ஒன்றரை வருடமாக எங்களில் ஒருவரும் அவனை வைததில்லை. தொப்பியைக் கழற்றி, அரைகுறையாக முடி முளைத்த தலையைத் தடவியபடி, ஒரு வார்த்தை விடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.