தம்ளர் குலுங்காமல் இறங்குவது

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவியம்மா, பூக்கார அக்கா, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் சித்தி, ஊதுபத்தி கம்பெனிக்குப் போகும் மூன்று பேர், நான். உறுப்பினர்கள் ஏழு பேரும் ஆஜர். உறுப்பினராக இல்லாமல் வந்தவள் என் தங்கச்சி மட்டும். மகளிர் சங்கத்தில் யார் யார் வந்தார்கள் என்று சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. எழுத உட்கார்ந்தாலும் எனக்கு அதே பழக்கம்.

அக்ரஹாரத்தில் தலைவியம்மா வீட்டு முன்னறை. கடன் கேட்டது நான். எங்கள் சங்கத்தில் ஒருத்தி கடன் வாங்கினால் மற்ற எல்லோரும் ஜாமீன் கையெழுத்துப் போடணும். அவள் கட்டாவிட்டால் இவர்கள் பங்கு போட்டுக் கட்டணும். ஒருத்தி மாட்டேன் என்றாலும் கடன் கிடையாது.

யாராவது ஒருத்தி மாட்டேன் என்று சொல்லிவிடட்டும் என்றுதான் நான் சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்று தையலுக்குப் போனவள். தங்கச்சி கணக்கில் எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். அதோடு பாஸ்கெட்பால், மாநில அணி வரைக்கும். அவள் ஆடும்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருமுறை திறந்து பார்த்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள். ஆப்பரேஷன் ஆகி வீட்டில் கிடந்தபோது படித்த படிப்புதான் அந்தப் பதக்கம். மறுபடியும் ஆடப் போனாள். விளையாட்டுக்காரர்கள் ஒதுக்கீட்டில் அரசாங்க ஆபீஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. நான் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்து முடித்த பிறகு சொல்கிறாள்: “அக்கா, நான் போகலை. கோச்சுக்குப் படிக்கப் போறேன்.”

கோச் என்றால் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் காண்ட்ராக்ட். அடுத்த வருஷம் வேண்டாம் என்றால்? முட்டி மறுபடி போனால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. சங்கம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

“ஹேளம்மா, சொல்லு, எதுக்கு துட்டு?” என்று கன்னடம் கலந்து கேட்டார் தலைவியம்மா.

தங்கச்சியின் கோச் படிப்புக்கு என்று சொன்னேன். பூக்கார அக்கா மல்லிகை கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “ஏம்மா, பந்து விழுந்தா விழுது, விழலைன்னா இல்ல. இதுக்கு ஒரு படிப்பா? அதுவும் கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு!”

ஊதுபத்திக்காரிகள் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

தங்கச்சி கோபப்படவில்லை. “எனக்குக் குதிக்க எல்லாரும் சொல்லிக் கொடுத்தாங்கக்கா. இறங்க யாரும் சொல்லித் தரலை. அதான் முட்டி போச்சு.”

“குதிச்சா இறங்கித்தானே ஆகணும்? இதென்ன அதிசயம்!”

“இருங்க.” எழுந்து முந்தானையைச் செருகினாள்.

“வேண்டாண்டி!” என்று நான் கத்துவதற்குள் குதித்து, திம்மென்று இறங்கினாள். அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் எல்லாம் கிணுகிணு என்றது. “இது நான் ஆடின ஆட்டம்.” மறுபடி குதித்தாள். இந்தத் தடவை இரண்டு பாதமும் சேர்ந்து, முட்டி மடங்கி, பூனை மாதிரி. ஒரு தம்ளர் குலுங்கவில்லை. “நான் கோச் ஆனா, பிள்ளைங்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்கணும்.”

பூக்கார அக்காவின் விரல் நின்றுவிட்டது. கூட்டத்தில் அந்த விரல் நின்று நான் பார்த்ததே இல்லை.

“எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. ஏழாவது. படியில வர்றப்பவே நாலு தடவை விழுவா.”

“அனுப்புங்க.”

“அனுப்புறது இருக்கட்டும். அந்தப் பேனாவ இப்படிக் கொடு.”

அவள் போட்டதும் எல்லோரும் போட்டார்கள். சித்தி மட்டும், “ஏசப்பா, முட்டிய பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போட்டாள். கடைசியில் நான். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏனம்மா, கடன் உனக்குத்தானே?” என்றார் தலைவியம்மா.

தங்கச்சி சுவரில் சாய்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடுவாளோ என்று இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் பயந்ததாக நினைத்திருந்தேன்.

“வலிக்குதாடி?”

“வலிக்குது. நீ போடுக்கா.”

போட்டேன்.

இப்போது அவள் ஒரு பெண்கள் பள்ளியில் கோச். காண்ட்ராக்ட்தான். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் கையில் பந்தே கொடுக்கவில்லை. பெஞ்சிலிருந்து குதித்துக் குதித்து இறங்க வைத்தாள். “பீஸ் கட்டினது பெஞ்சு ஏறவா?” என்று பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பூக்கார அக்கா மகளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. சில சாயங்காலம் தையலை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். யாராவது உயரக் குதித்தால் இன்னமும் கண்ணை மூடிக்கொள்கிறேன். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். சத்தம் வராது.

காண்ட்ராக்டை இந்த வருஷம் நீட்டுவார்களா என்று இன்னும் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் இன்னும் கட்ட வேண்டிய கடன் பாக்கியைச் சொல்லித்தான் எழுந்திருப்போம். போன ஞாயிறு என் பெயருக்குச் சொன்னது: பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.