பத்துக்கு எத்தனை?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு வழியாகப் போயிருந்தால், நான் மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். காதல் இல்லை. ஆன்டெனா.

என் மனைவி கோமதியின் தங்கை வசந்தா சென்னை டிவியில் பாடுகிறாள். தனியாக இல்லை — ஆபீஸ் தோழிகளோடு கோரஸில். கால் மணி நேரம். கோமதி ஒரு வாரமாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். தங்கை முகம் தெரியாவிட்டால் அப்புறம் என் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

சிக்கல் என்னவென்றால், நம் காரைக்காலுக்கு சர்க்கார் பாண்டிச்சேரி, சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, டிவி மட்டும் இலங்கை! ஆன்டெனாவைக் காரைக்கால்மேட்டுப் பக்கம் திருப்பினால் இலங்கை கண்ணாடி மாதிரி விழும். தரங்கம்பாடிப் பக்கம் திருப்பிச் சென்னையைக் கேட்டால்... அது மனசு வைத்தால் வரும்.

வழக்கமாக நான் மேலிருந்து "தெரியுதா?" என்பேன். கீழிருந்து "தெரியுது" என்பாள். இறங்கி வந்து பார்த்தால் ஒரே புள்ளி மழை.

"என்னடி தெரியுது இதுல?"

"ஏதோ தெரியுதுல்ல? அதச் சொன்னேன்."

தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா? இல்லை. அதனால் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "தெரியுது கிரியுதெல்லாம் வேண்டாம். பத்துக்கு எத்தனைன்னு மார்க் சொல்லு."

பக்கத்து வீட்டு ஜபருல்லா நானா, தெருவுக்கே அண்ணன், உதவிக்கு வந்தார். அவர் தம்பி துபாயிலிருந்து டிவி அனுப்பிய நாள் முதல் தெருவில் உள்ள எல்லா டிவிக்கும் அவர்தான் டாக்டர். "நீங்க மேல குழாயைப் பாருங்க தம்பி. கீழ சேனல் குமிழை நான் பாத்துக்குறேன்."

நேரம் வந்தது.

"எத்தனை?"

"ரெண்டு!"

திருப்பினேன். "ஒண்ணரை!" மறுபக்கம் திருப்பினேன். "மூணு!" எனக்கு உற்சாகம். மார்க் ஏறுகிற பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனேன். கீழே நானாவுக்கும் உற்சாகம் — குமிழைத் திருகியிருக்கிறார்.

"மாஷா அல்லாஹ்! ஒம்போது!"

பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் போடாத மார்க். இறங்கி ஓடினேன். பளிச்சென்று ஒரு வரிசைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் தாங்காமல் நானா முன்பே சத்தத்தை அடைத்திருந்தார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவதா நிக்கிறா பாருங்க. எப்படி எளச்சுட்டா!"

"ஆமாம், ரொம்ப" என்றேன்.

பாட்டு முடிந்தது. திரையில் பெயர்கள் ஓடின. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஜிலேபி.

"தங்கச்சி... இது சிங்களமால்ல இருக்கு?" என்றார் நானா மெதுவாக.

கோமதி என்னைப் பார்த்தாள். "நீங்க எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"நீ மார்க் போட்ட பக்கம்."

அதற்கு மேல் அங்கே நிற்பது புத்திசாலித்தனமா? மாடிக்குப் பாய்ந்தேன். குழாயைத் தரங்கம்பாடிப் பக்கம் திருப்பினேன்; கீழே நானாவும் குமிழைப் பழைய இடத்துக்குத் திருகியிருக்கிறார். "எத்தனை?" இன்னொரு தடவை கத்தினேன்: "எத்தனை கோமதி?"

"ஒண்ணுகூடத் தேறாது தம்பி!" — நானா.

சென்னையில் பாட்டு முடிய இன்னும் ஓரிரு நிமிஷம்தான். கொஞ்சம் அசைத்தேன். உடனே கோமதியின் கூச்சல்:

"அசையாதீங்க! அப்படியே நில்லுங்க! மூக்குக் கண்ணாடிய எப்பவும் போல மேல தள்ளுறா... அவளேதான்!"

நின்றேன். நீங்கள் பார்த்த கோலம் அதுதான்.

முடிந்து இறங்கியபோது நானா என்னை ஓரமாக இழுத்தார். "நான் பார்த்தது ஒரு வரிசை மூட்டை தம்பி. அதுல ஒரு மூட்டை கையத் தூக்குச்சு. அவ்வளவுதான்."

கோமதி அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"கடைசியா எத்தனை மார்க்?" என்றேன்.

"பத்து. இதுல என்ன கேள்வி?"

அடுத்த மாதம் வசந்தா வருகிறாள். "டிவியில் ரொம்ப இளைத்துத் தெரிந்தாய்" என்று சொல்லப்போகிறேன். நான் பார்த்தது இலங்கைப் பெண்ணைத்தான் — ஆனால் இதற்கு யார் மார்க்கைக் குறைக்கப்போகிறார்கள்?