தள்ள முடியாத கார்

எழுபத்தொரு வயதில்தான் நான் முதன்முதலாக ஒரு வாகனத்துக்குச் சொந்தக்காரன் ஆனேன். அதற்கு முன் என்னிடம் இருந்தவை மூன்று சைக்கிள்கள். அவற்றில் ஒன்றுகூட என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை.

வாகனம் எனக்காகத் தேவைப்படவில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்துக் கட்டிலில் அவள் படுத்திருக்க வேண்டும். நாங்கள் இருந்தது பெரியகல்லாற்றில். பிந்திப் போனால் நேரம் வெட்டப்படும். நான்கு மணித்தியாலத்தில் வெளியே போகவேண்டிய நஞ்சு இரண்டரை மணித்தியாலத்தில் எப்படிப் போகும்? இதை டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "போகாது" என்றுதான் சொன்னார்.

போகும்போது ஓட்டோவில் சமாளிப்பாள். திரும்பும்போது அவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். தலையை என் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவேன். வாடகை வான்காரர் நான்கு பேரை மாற்றிப் பார்த்தோம். ஒருவர் வழியில் மீன்பெட்டி ஏற்றினார். ஒருவர் ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஆறேகாலுக்குத்தான் எங்கள் படலையடிக்கு வருவார். மற்ற இரண்டு பேரையும் பற்றி எழுதாமல் விடுகிறேன். அவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

மூத்த மகளும் அவளுடைய கணவரும் எங்கள் வளவிலேயே இருந்தார்கள். மருமகனுக்குப் பட்டணத்தில் அலுவலகம். சாரதி அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். காலையில் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய், பின்னேரம் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றார். அவர்தான் அந்த ஜெர்மன் காரின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார்.

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்த ஆண்டுகளில் நம் நாட்டு விலைகள் தலைகீழாகிவிட்டன. பத்து வயதான சின்ன யப்பான் காருக்குக் கேட்கிற விலைக்கே, பதினாறு வயதான பெரிய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கலாம். தோல் இருக்கை, தானே மாறும் கியர், குளிரூட்டி எல்லாம் அதில் உண்டு.

"ஏன் தம்பி, இவ்வளவு மலிவு?" என்று கேட்டேன்.

"மலிவில்ல மாமா. சின்னக் காருக்குத்தான் விலை ஏறிப் போச்சு."

"அப்ப காசுக்காரன் எல்லாம் ஏன் இத விக்கிறான்?"

"அவங்களுக்குப் புதுசு வேணும். மாமி படுத்துக்கொண்டே போகலாம் மாமா. ஒருக்கா வந்து சீற்றில இருந்து பாருங்கவன்."

சரியான பதில்தான். சரியான பதில் இவ்வளவு கெதியாக வந்தால் எனக்கு யோசனை கூடும். மருமகனுக்கு இதில் தரகு இருக்குமோ என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ஆளிடம் அதைக் கேட்க முடியாது.

கார் கல்லடியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. தரகர் சட்டைக் கையை மடித்துவிட்டு வாசலில் காத்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த கார், ஒரே ஒரு கை மாறியது, வைத்திருந்தவர் டாக்டர் என்றார். இலங்கையில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் அரைவாசிக்கு டாக்டர்தான் சொந்தக்காரர். நான் பொக்கற் கொப்பியைத் திறந்தேன். கதவு இடைவெளிகளில் ஒரு நாணயத்தை ஓட்டி நான்கும் ஒரே அளவா என்று பார்த்தேன். இலக்கத்தகட்டு ஆணிகளின் துருவைப் பார்த்தேன். பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்திருக்கிற அளவுக்கும் மீற்றரில் ஓடியிருக்கிற கிலோமீற்றருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். டயர்கள் நான்கிலும், அவை எந்த வருடம் எந்தக் கிழமையில் செய்யப்பட்டவை என்று அச்சடித்த இலக்கத்தைக் குனிந்து வாசித்தேன்.

"ஐயா கார் வாங்க வந்த நீங்களா, இல்லாட்டிக் கணக்குப் பாக்க வந்த ஒடிற்றரா?" என்றார் தரகர்.

"ரெண்டும்தான். சாவியத் திருப்புங்க."

திருப்பினார். முன்தட்டில் விளக்குகள் எல்லாம் ஒரு கணம் எரிந்து அணைந்தன. பதினொன்று. கொப்பியில் பதினொன்று என்று எழுதி, எல்லாம் அணைந்தது என்று பக்கத்தில் சரி போட்டேன். இந்தக் காரில் பதின்மூன்று எரிய வேண்டும் என்பதை இரண்டு மாதம் கழித்து ஒரு மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தேன். கோளாறைக் காட்டும் இரண்டு விளக்குகளை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது. எத்தனை இருக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. பழைய பெரிய கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான். அந்தக் காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், அதே காரில் போய் அவரைத் தேடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து ஒரு மணம் வந்தது. கண்ணாடியடியில் எலுமிச்சை வாசனை அட்டைகள் மூன்று தொங்கின. ஒன்று போதுமே, ஏன் மூன்று என்று யோசித்தேன். டாக்டர் சிகரெட் குடிப்பவராக இருப்பார் என்று முடிவுசெய்து இருக்கையில் சூட்டுக் காயம் தேடினேன். இல்லை. எலுமிச்சைக்கு அடியில் இருந்தது சேறும் உப்பும் கலந்த ஆற்று மணம். கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த மணம் எங்கள் செருப்பிலும் உடுப்பிலும் கிணற்றடியிலும் எப்போதும் இருப்பது. காலையில் ஆற்றங்கரையால் நடந்துவந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன வேலையில், மாரியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தூணிலும் சுவரிலும் அடையாளம் பார்த்து எழுதியவன் நான்.

என் மனைவி பின் இருக்கையில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினாள். பிறகு, "இஞ்சேருங்க, இதில போனா எனக்குத் தல சுத்தாது போல கிடக்கு" என்றாள்.

கொப்பியை மூடிவிட்டேன்.

முதல் ஒன்பது பயணங்கள் நன்றாகவே போயின. திரும்பும்போது அவள் நித்திரை கொண்டாள். பாலங்களையும் மதகுகளையும் நான் எண்ணினேன். எந்த மதகிலும் அவள் முனகவில்லை. மருமகன் ஒரு கையால் வளைத்து ஓட்டினார். அவருடைய முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அந்தப் பெருமையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

பத்தாவது பயணத்தில் வார்ட்டில் வேலைசெய்யும் ஒரு தாதியைக் கல்லடி வரை ஏற்றிக்கொண்டோம். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. ஏறி இருந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, மூக்கைச் சுருக்கினாள்.

"ஐயா, கார்ல மீனு ஏத்துவீங்களா?"

"இல்லையே பிள்ள."

"சேத்து வாடை அடிக்குதுங்க. ஒங்களுக்குத் தெரியலையா?"

எனக்குக் கோபம் வந்தது. மருமகனுக்கும் வந்திருக்கவேண்டும், குளிரூட்டியைக் கூட்டிவிட்டார். மலைநாட்டுப் பிள்ளைக்கு இந்தக் கரையே சேற்று மணம்தான் என்று நாங்கள் வீட்டில் பேசிச் சிரித்தோம். சிரித்தாலும், ஏற்றிக்கொண்டு வந்தவரின் காரைக் குறைசொல்கிற பிள்ளைக்கு வேறு ஏதும் எண்ணம் இருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் நான் சந்தேகப்பட்டது அந்தப் பிள்ளையைத்தான்.

மாரி தொடங்கிய இரண்டாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். செட்டிபாளையத்தைத் தாண்டவில்லை. நல்ல மழை. முன்தட்டு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. கார் ஒருமுறை தும்மியது. மருமகன் ஓரமாக எடுத்து நிறுத்தி, கியரை நிறுத்தி வைக்கும் இடத்தில் போட்டார். அதோடு சரி. சாவி திரும்பவில்லை, கியர் அசையவில்லை, பின்கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை.

எதிரில் தேத்தண்ணிக் கடையில் நின்ற ஐந்து பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"இறங்குங்க ஐயா, தள்ளிப் பாப்பம்!"

"தள்ள ஏலாது அண்ணே," என்றார் மருமகன். "கியர் இறுகிட்டு. சில்லு சுத்தாது."

"தள்ள ஏலாத காரா? என்ன சாதிக் கார் மனே இது?"

"ஜெர்மன் கார்."

"என்ட ஓட்டோவ என்ட பொஞ்சாதியே தள்ளுவா. காச நிறையக் குடுத்துக் கோழிக்கூடு வாங்கியிருக்கீங்க ஐயா. கோழியும் உள்ளுக்கத்தான் கிடக்கு."

"வாய மூடு கா, அம்மா வருத்தக்காரி!" என்று கடைக்காரப் பெண் அங்கிருந்தே அவரை ஏசினாள்.

முன்கதவால் இறங்கி நின்ற எங்களைப் பார்த்து என் மனைவி உள்ளே இருந்து கண்ணாடியைத் தட்டினாள். பயந்து தட்டவில்லை. மணி என்ன என்று விரலால் கேட்டாள். ஆறு இருபத்தைந்து என்று காட்டினேன். பிறகு அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையால் தவழ்ந்து முன்பக்கம் வந்தாள். அறுபத்தாறு வயது. இயந்திரத்துக்காக ஊசிபோடும் கையை எதிலும் முட்டாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். மருமகன் அவளைத் தூக்கி இறக்கினார். கடைத் தாழ்வாரம்வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

அன்று வந்த ஓட்டோக்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்தன. ஏழே முக்காலுக்குத்தான் ஒரு சின்ன மீன் லொறி நின்றது. சாரதிக்குப் பக்கத்தில் அவளை ஏற்றி, நான் பின்னால் ஐஸ்பெட்டிகளோடு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டு மணி முப்பத்தைந்து. கட்டிலை அந்த ஹட்டன் பிள்ளை யாருக்கும் விடாமல் வைத்திருந்தாள். ஆனால் இயந்திரத்துக்குப் பதினொரு மணிக்கு அடுத்தவர் இருந்தார். ஆயத்தம் எல்லாம் போக அவளுக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது.

சனியும் ஞாயிறும் அவளுடைய கால்கள் வீங்கின. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திவிட்டு, குழி நிரம்பும்வரை எண்ணினேன். சனி காலை பதினாறு. ஞாயிறு பின்னேரம் நாற்பத்தொன்று. திங்கள் அவளுக்கு மூச்சு வாங்கியது. என் வாழ்க்கையில் எண்ணியவற்றில் எண்ணாமலே விட்டிருக்கலாம் என்று நினைப்பது இவற்றைத்தான். செவ்வாய் வாடகை வானில் கொண்டுபோனோம், நேரத்துக்குப் போய்விட்டோம், தப்பினாள்.

காரை இழுத்துக்கொண்டு போன பட்டணத்து மெக்கானிக் ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார். முன் இருக்கையைக் கழற்றி, தரைக் கம்பளத்தை உரித்து மடித்து வைத்திருந்தார். அடியில் காய்ந்தும் காயாமலும் விரலளவு சேறு. அதில் சின்னச் சின்ன மட்டி ஓடுகள்.

"இது எங்கயோ தண்ணிக்க தாண்டுபோன கார் ஐயா. உப்புத் தண்ணிக்க ரெண்டு மூணு நாளாவது கிடந்திருக்கும். வயர் எல்லாம் பச்சை பூத்துப் போச்சு. ஒண்ண மாத்தினா மறுகா மற்றது போகும். உங்களுக்கு வாங்கேக்க மணக்கல்லியா?"

ஓடுகளைப் பொறுக்கி எண்ணினேன். முப்பத்தேழு. கார் கிடந்தது கொழும்புப் பக்கத்துக் களப்பிலா, எங்கள் ஆற்றிலேதானா என்று இன்றுவரை தெரியாது. தரகரின் தொலைபேசி ஓய்ந்துவிட்டது. மணம் தெரிந்த பிறகு மூக்கை நம்பாமல் செருப்பை நம்பியது என் பிழை. இந்தக் கரையில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். உதிரிப்பாக வியாபாரி ஒருவர் காரைத் துண்டு துண்டாக விற்க எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் மருமகன் முற்றத்தில் வந்து நின்றார்.

"மாமா, நான் ஒரு சதமும் எடுக்கல்ல" என்றார்.

"நான் கேட்டனா?"

"கேக்கல்ல. ஆனா ரெண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கீங்க."

என் மனைவி உள்ளே இருந்து கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் சண்டையப் பொறகு பிடிங்க. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை எடுங்க. நாம ரெண்டு பேரும் அங்க போய் இருப்பம். வாகனமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்."

எனக்கு இது தோன்றாமல் இல்லை. முதல் மாதமே தோன்றியது. ஆனால் எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பது, ஆண் அங்கே போய் வாழ்வது. நாற்பத்துநான்கு வருடம் நான் இருந்தது அவளுடைய வீட்டில். வீட்டை விட்டுப் போவோம் என்று ஒரு புருசன் தன் வாயால் சொல்ல முடியாது. அவளும் நான் சங்கடப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆளுக்கு ஆள் வாயைப் பொத்திக்கொண்டதால்தான் நாங்கள் அந்தக் காருக்குள் போய் ஏறினோம்.

அறையைப் பார்க்க மருமகனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் வாடகையைக் கொஞ்சம் குறைத்தார். ஏன் குறைக்கிறார் என்று யோசித்தேன். மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுச் சம்மதித்தேன்.

முதல் செவ்வாய் நடந்தே போனோம். மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று. வார்ட் வாசலுக்கு வந்தபோது ஆறு மணி முப்பத்தைந்து. கதவு இன்னும் திறக்கவில்லை.

"எத்தின அடி?" என்று கேட்டாள் அவள்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு."

"திரும்பக்குள்ள அடி சின்னனாகும், கணக்குக் கூடும்," என்று சொல்லி வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள்.